யாரும் கேட்காத தொண்ணூற்றைந்து

வில்க்ஸ்-பாரி நகரத்தில் நகராட்சி ஆய்வாளர் டேரில் சவிட்ஸ்கியின் பெயரைக் கேட்டு நடுங்காத புல் கிடையாது. எட்டு அங்குலத்துக்கு மேல் எந்த வீட்டு வாசலில் புல் தலை நீட்டினாலும் சரி, மறுநாள் காலை அந்த வீட்டுக் கதவில் நகராட்சியின் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் சுஸ்குவெஹானா ஆற்றங்கரைக் கோரைகூடக் குனிந்துகொள்ளும்.

இதே டேரில் பதினேழு வயதில் ஒரு பாட்டு எழுதினார். பாட்டின் பெயர் 'புல்லை நீயே வெட்டு'. ஞாயிற்றுக்கிழமை காலை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பி, புல் வெட்டும் மெஷினைக் கையில் திணித்த தன் அப்பா ஸ்டானுக்கு எதிராக எழுதியது. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. அதில் ஒரு நிமிடம் கத்தல். மீதி நாற்பது விநாடி அதைவிடப் பெரிய கத்தல். ஹார்ட்கோர் என்பது அசுர வேகத்தில் கத்திப் பாடும் ராக் இசை; 'மூடாத வாய்' என்ற அவருடைய ஹார்ட்கோர் பேண்ட் அதை வாசித்தபோது, பஃபலோவிலிருந்து பால்டிமோர் வரை இருந்த பையன்களெல்லாம் அது முதலாளித்துவத்துக்கு எதிரான பாட்டு என்று புரிந்துகொண்டு, ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறிக் கூடவே பாடினார்கள். டேரில் அவர்களைத் திருத்தவில்லை.

பேண்ட் மூன்று வருடம் நடந்தது. அதைப் பற்றிய பேச்சு முப்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே தொண்ணூற்றைந்து. அந்த வருடம் ஒரு ஞாயிறு மதியம் 'மூடாத வாய்' வாசித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. மகள் ரோமி பிறந்த சமயத்தில் அவர் சொன்ன கதையில் அந்த நிகழ்ச்சிக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அவர்கள் எண்ணூறு பேர் ஆனார்கள். அவள் பல்லுக்குக் கம்பி கட்டிய வருடம் இரண்டாயிரத்தைத் தாண்டியது. இப்போது ரோமிக்குப் பதினாறு வயது, கூட்டம் நாலாயிரம். அந்தக் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நூற்றைம்பது பேருக்கு மேல் நிற்க முடியாது. ஆனால் கூடத்தை இடித்து மருந்துக் கடைக்கு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். சாட்சி சொல்ல ஒரு சுவர்கூட மிச்சமில்லாததால் கூட்டம் வருடா வருடம் பெருகியது.

சாப்பாட்டு மேசையில் உப்பைத் தள்ளச் சொன்னால் அவர் தொண்ணூற்றைந்தைத் தள்ளுவார். பல் மருத்துவர் வாயில் கருவியை விட்டுக் குடைந்துகொண்டிருக்கும்போதுகூட, அந்தக் கருவியைச் சுற்றிக்கொண்டு அந்தக் கதை வெளியே வந்துவிடும்.

மகள் தன்னை எதிர்த்து என்ன செய்யப்போகிறாளோ என்ற பயம் அவருக்கு நெடுநாளாக இருந்தது. அவர் குடிக்காதவர், புகைக்காதவர், முப்பது வருடமாக இறைச்சி தொடாதவர், அந்த விரதத்துக்கு அடையாளமாகக் கெண்டைக்காலில் கறுப்பு எக்ஸ் பச்சை குத்திக்கொண்டவர். இப்படிப்பட்ட அப்பாவை எதிர்க்க வேண்டுமென்றால் ஒரு பெண் பிள்ளை வங்கியில்தான் வேலைக்குச் சேர வேண்டும். ரோமி அதைவிட மோசமான காரியத்தைச் செய்தாள். ஹார்ட்கோர் பேண்ட் ஆரம்பித்தாள்.

பேண்டின் பெயர் 'ஈரச் சாக்ஸ்'. ரோமி பாட்டு, இமானி கித்தார், டெஸ் டிரம். மூவரும் ஒரே வகுப்பு. ஐந்து பாட்டு, மொத்தம் ஒன்பது நிமிடம். மே மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் போர்வீரர் சங்கக் கூடத்தில் முதல் நிகழ்ச்சி என்று முடிவானது. அன்றைக்கு வாசிக்கப்போகும் ஆறு பேண்டுகளில் இவர்கள்தான் முதலாவது.

செய்தி கேட்ட அன்று டேரிலுக்குத் தரையில் கால் பாவவில்லை. உலகத்தில் எத்தனையோ அப்பாக்கள் மகளின் வயலின் கச்சேரியில் உட்கார்ந்து தூங்கி விழுகிறார்கள். தனக்கு இந்த பாக்கியம். அவர் தன் பழைய கறுப்புச் சட்டையைத் தேடி எடுத்து, அது தொப்புளுக்கு மேலேயே நின்றுபோனதைப் பொருட்படுத்தாமல் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரோமி அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, நீ வரலாம். ஆனா அங்க நீ எனக்கு அப்பா இல்ல."

"அப்ப நான் யாரு?"

"யாரோ. பின்னாடி சுவத்துல சாஞ்சு நிக்கிற யாரோ ஒரு ஆளு."

அவள் விவரமாகவே சொன்னாள். நிகழ்ச்சி நோட்டீஸில் தன் பெயரை ரோமி ப்ரனிகன் என்று அம்மாவின் குடும்பப் பெயரோடுதான் போட்டிருக்கிறாள். நிகழ்ச்சி நடத்தும் டைஸ் என்ற பையனுக்கும் தெரியாது. அப்பா பின்சுவரை விட்டு ஓர் அடி நகரக்கூடாது. யாரிடமும் பேசக்கூடாது. யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளக்கூடாது. தொண்ணூற்றைந்து என்ற எண்ணை உச்சரிக்கவே கூடாது; யாராவது மணி கேட்டால்கூட அந்த எண் வராதபடி பார்த்துச் சொல்ல வேண்டும்.

"டேரில் சவிட்ஸ்கி மகளோட பேண்டுன்னு ஒருத்தன் வாய்ல வந்தாப் போதும்பா. நல்லா வாசிச்சாலும் உன்னாலன்னுதான் சொல்லுவான். மோசமா வாசிச்சாலும் உன்னாலன்னுதான் சொல்லுவான்."

"மோசமா வாசிச்சா அதுல எனக்குப் பங்கு வேணாம்" என்றார் டேரில்.

ரோமி சிரிக்கவில்லை. "எனக்கு ஒரே ஒரு தடவைதான்பா முதல் ஷோ வரும். அது என்னோடதா இருக்கணும்."

அதற்குமேல் அவரால் விளையாட முடியவில்லை. சத்தியம் செய்து கொடுத்தார்.

நிகழ்ச்சிக்கு முந்தைய வியாழக்கிழமை வீட்டு பிரிண்டர் காகிதத்தை மென்றுகொண்டு நின்றுபோனது. ரோமி பாட்டு வரிகளை நாற்பது பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, உள்ளே கசங்கிச் சிக்கியிருந்த ஒன்றை டேரில்தான் இழுத்து எடுத்தார். கடைசிப் பாட்டு.

'முட்டி வலிக்குது, வாய் வலிக்கலியா?
அதே கூடம், அதே கதை, ஊறப்போட்டுத் திங்கிறியா?
செத்துப் போச்சு உன் தொண்ணூத்தஞ்சு!
யாரும் கேக்கல! யாரும் கேக்கல!'

முதல் இரண்டு வரியைப் படிக்கும்போது, யாரோ ஒரு கிழவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டார். மூன்றாவது வரியில் அந்தக் கிழவன் யாரென்று தெரிந்தது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தின் கசங்கலை நீவிவிட்டார். மனைவி கொலீன் வேலையிலிருந்து திரும்பியதும் காகிதத்தை நீட்டினார். அவள் படித்துவிட்டுத் துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெஷின் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தும் அவள் சிரிப்பை அதனால் அடக்க முடியவில்லை. மூன்றாவது வீட்டு நாய் குரைத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள் கேட்டாள்: "உன் புல்லுப் பாட்டக் கேட்டுட்டு உங்கப்பா என்ன சொன்னாரு, டேரில்?"

டேரில் யோசித்தார். "டிரம் நல்லாருக்குன்னாரு."

"அப்ப நீயும் அதையே சொல்லிடு. டெஸ் நல்லாத்தான் அடிக்கிறா."

வெள்ளி முழுக்க அவர் ஒரு புல்லைக்கூட அளக்கவில்லை. சனிக்கிழமை அதைவிட மோசமான ஒன்று நடந்தது. பாட்டு பிடித்துப்போய்விட்டது. இரண்டாவது வரியில் ஓர் அசை அதிகம் என்பது ஒன்றுதான் குறை. மற்றபடி அந்தக் கடைசி வரி, நாலாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்துவதற்கென்றே பிறந்த வரி. தானே அறியாமல் அவருக்கு முழுப் பாட்டும் மனப்பாடமாகிவிட்டது. ஹேசல் தெருவில் ஒரு வீட்டுக் கதவில் மஞ்சள் நோட்டீஸை ஒட்டிக்கொண்டே "யாரும் கேக்கல, யாரும் கேக்கல" என்று முணுமுணுத்தார். உள்ளேயிருந்து கதவைத் திறந்த அம்மாள், தானும்தான் கேட்கவில்லை, பிறகு ஏன் ஒட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

ஞாயிறு வந்தது. யாரும் அடையாளம் கண்டுகொள்ளாமல் எப்படிப் போவது என்ற கேள்விக்குக் கொலீன் பதில் சொன்னாள். நகராட்சி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போ. அந்த ஜாக்கெட்டில் இருப்பவனின் முகத்தை இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை, பார்க்க விரும்பியதும் இல்லை. டேரிலுக்கு யோசனை பிடித்தது. முதுகில் பெரிய வெள்ளை எழுத்தில் 'ஆய்வாளர்' என்று போட்ட காக்கி ஜாக்கெட், தொப்பி, மூக்குக் கண்ணாடி.

கூடத்து வாசலில் வரிசை நின்றது. கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக, ஏதோ பெரிய சாவுக்கு வந்ததுபோல எழுபது எண்பது பிள்ளைகள், எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு மகிழ்ச்சி. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த டைஸ், மது கொடுக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாக வயது குறைந்தவர்களின் புறங்கையில் மார்க்கரால் எக்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். பழக்க தோஷத்தில் டேரிலும் இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

டைஸ் நிமிர்ந்தான். ஜாக்கெட்டைப் பார்த்தான். "சார், உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம். உங்க வயசு பாத்தாலே தெரியுது." எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்து அவருக்குக் கொடுத்தான். பின்கதவு திறந்தே இருக்கிறது என்றான். தீயணைக்கும் சிலிண்டர் புதிது என்றான். உள்ளே மொத்தம் நூற்றைம்பது பேருக்குத்தான் அனுமதி, ஒரு தலை கூடினாலும் தானே வெளியே போய்விடுவதாகச் சொன்னான். தான் அதற்காக வரவில்லை என்று டேரில் சொல்லியிருக்கலாம். பிறகு எதற்கு வந்தீர்கள் என்று அவன் கேட்பான். ஆகவே, அவர் மிகக் கம்பீரமாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். அவர் பின்சுவரை அடைவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ஆபீசர் வந்திருக்கிறார், ஷோவை நிறுத்தப்போகிறார். பிள்ளைகள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது அவருக்கு மிகவும் பழக்கமான பார்வை. பதினேழு வயதில் அவரே நூறு பேரை அப்படிப் பார்த்திருக்கிறார். அந்தப் பார்வைக்கு மறுமுனையில் நிற்பது எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் குளிரடித்தது. ஒரு பெண் அவர் காதில் விழட்டும் என்றே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் வீட்ல யாரும் இல்லியா, ஞாயித்துக்கிழமைகூட இங்க வந்து நிக்கிறாங்க?"

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இமானியின் அம்மா. ரோமியின் சிநேகிதிகள் பதினோரு பேரையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வருவது அவள்தான். ஸ்க்ரான்டன் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டதாம். லாரி நிறையக் குளிரில் உறைந்த பியரோகி. கொழுக்கட்டைகள் மூன்று மைலுக்கு உருண்டு கிடக்கின்றன, எந்தப் பக்கமும் வண்டி நகரவில்லை, ரோமியிடம் சொல்லிவிடுங்கள் என்றது செய்தி.

சொல்ல வழியில்லை. ரோமி மேடையில் நின்றுகொண்டிருந்தாள். டெஸ் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணிவிட்டாள்.

வேனில் சிக்கிக்கொண்டது பதினோரு ரசிகர்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தக் கடைசிப் பாட்டின் வரிகள் தெரிந்தவர்கள் இந்த உலகத்திலேயே அவர்கள்தான். நாற்பது பிரதியில் பாதி அவர்களிடம் போயிருந்தது. மீதியை ஷோ முடிந்த பிறகு கொடுப்பதற்காக ரோமி பெட்டியில் வைத்திருந்தாள்.

ஹார்ட்கோரில் பாடகர் தனியாகப் பாடி முடிப்பதென்பது கிடையாது. பல்லவி வந்ததும் அவர் வாயை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்துக்கு நீட்டுவார். முன்வரிசை அதன்மேல் பாய்ந்து, ஒருவர் வாயில் ஒருவர் வாயை வைக்காத குறையாகக் கத்தும். கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் மாதிரி அது. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு. நீட்டிய மைக்கில் யாரும் பாடவில்லையென்றால், பந்தியில் இலை போட்ட பிறகு எல்லோரும் எழுந்து போனதற்குச் சமம். அந்த பேண்டை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அவர்களுக்கே வரக் கூசும்.

முதல் மூன்று பாட்டுக்கும் கூட்டம் வழக்கம்போல அரைவட்டமாக ஒதுங்கி நின்றது. முதல் பேண்டுக்கு எப்போதும் அப்படித்தான். ஈரம் காயாத தரையில் கால் வைக்கக்கூடாது என்று நிற்பதுபோல நிற்பார்கள். இந்தத் தடவை பின்சுவரில் ஓர் ஆபீசர் வேறு. கை வீசி ஆடினால் எந்தச் சட்டப்பிரிவில் வருமோ என்று ஒருவரும் அசையவில்லை. நான்காவது பாட்டில் ஒருவன் தலையை ஆட்டினான்; திரும்பி டேரிலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். டேரிலுக்குச் சுவருக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மகளின் நிகழ்ச்சிக்கு அடையாளம் தெரியாமல் வரத்தான் நினைத்தார். வந்து அதைக் கொன்றுகொண்டிருந்தார்.

ஆனால் அவள் பாடினாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட எழுந்துவந்து காதோரம் கேட்கிற பெண், இங்கே நெஞ்சைப் பிளந்துகொண்டு கத்தினாள். டேரில் தன் பதினேழு வயதில் அப்படிக் கத்தவில்லை. இதை அவர் மனதுக்குள்கூட மிகச் சன்னமாகத்தான் ஒப்புக்கொண்டார்.

கடைசிப் பாட்டு. முட்டியும் வாயும் வந்தன. ஊறப்போட்ட கதை வந்தது. ரோமி கண்ணை மூடிக்கொண்டு மைக்கை இருட்டுக்குள் நீட்டினாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்பீக்கர் பெட்டி மட்டும் கொசுபோல ரீங்கரித்தது. பக்கத்து அறையில் பழைய போர்வீரர்கள் டிவியில் பௌலிங் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துக் கட்டையும் சரிந்ததற்கு அவர்கள் கைதட்டியது இங்கே தெளிவாகக் கேட்டது.

ரோமி கண்ணைத் திறந்தாள். வேனில் வந்திருக்க வேண்டிய பதினோரு முகங்களையும் முன்வரிசையில் தேடினாள். காது மடல் சிவந்தது. ஆனாலும் பாட்டை விடவில்லை. இரண்டாவது சரணம், மறுபடி பல்லவி, மறுபடி மைக். இந்த முறை யாரோ சோடா டப்பாவைத் திறந்த சத்தம்.

இன்னும் ஒரு தடவை மிச்சமிருந்தது. பாட்டு பாதி வேகத்துக்கு இறங்கி, டெஸ் மலை சரிவதுபோல அடிக்கும் பகுதி. அது முடிந்ததும் கடைசிப் பல்லவி. டேரில் பிரிண்டர் காகிதத்தில் அதைப் பார்த்திருந்தார். பதினாறு டிரம் அடி. அந்தப் பதினாறு அடிக்குள் அவர் யோசித்ததை எழுதினால் நான்கு புத்தகம் வரும். போனால் சத்தியம் போகும். யாராவது ஒருவன் கண்டுகொண்டால் இது காலத்துக்கும் டேரில் சவிட்ஸ்கி மகளின் பேண்ட்தான். போகாவிட்டால் இதுவே அவளுடைய முதல் ஷோ, நீட்டிய கையும் காலி மைக்குமாக. வரி தெரிந்த ஒரே தொண்டை இந்தக் கூடத்தில் தன்னிடம் இருக்கிறது. அந்த வரியோ தன்னைத் திட்டுகிற வரி.

சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

ஆபீசர் மேடையை நோக்கிப் போவதைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. டைஸ் பின்னாலேயே ஓடி வந்தான். "சார், சார், இதான் சார் கடைசிப் பாட்டு, ரெண்டு நிமிஷம் சார், சின்னப் பொண்ணுங்க சார்." டேரில் நிற்கவில்லை. வழியில் முட்டி ஒரு முறை மளுக்கென்றது. அந்தச் சத்தம் டிரம்மையும் மீறி மூன்றாவது வரிசைக்குக் கேட்டது.

ரோமி பார்த்துவிட்டாள். மைக் பிடித்த கை ஒரு சாண் பின்னுக்குப் போனது. அப்பாவும் மகளும் ஒரு விநாடி ஒருவரையொருவர் முறைத்தார்கள். இடதுபக்கம் நீட்டியிருக்கலாம், வலதுபக்கம் நீட்டியிருக்கலாம். பதினாறாவது அடி விழுந்தது. வேண்டாத விருந்தாளிக்குக் காபி கொடுப்பதுபோல அவள் மைக்கை அவர் முன்னால் நீட்டினாள்.

டேரில் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"செத்துப் போச்சு உன் தொண்ணூத்தஞ்சு! யாரும் கேக்கல! யாரும் கேக்கல!"

முப்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த தொண்டை. கூரை ஓடுகள் ஒரு அங்குலம் எழும்பி உட்கார்ந்தன. பக்கத்து அறை வீரர்களில் மூவர் பழைய பயிற்சிப்படி மேசைக்கடியில் போய்ப் படுத்தார்கள். கூட்டம் அரை விநாடி வாயைப் பிளந்து நின்றது. மூடவந்த ஆபீசர், நரம்பு புடைக்க, முகம் தக்காளியாக, பழம்பெருமைக்காரர்களைத் திட்டிப் பாடுகிறார். அந்தக் கூடத்திலிருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலோ கடையிலோ வேலை செய்யும் இடத்திலோ ஒரு தொண்ணூற்றைந்து இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்திருந்தது. அரைவட்டம் உடைந்தது. எண்பது பேரும் ஒரே வாசல் வழியாக வெளியேறுவதுபோல முன்னால் பாய்ந்தார்கள். இரண்டு சொல் பல்லவியைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? யாரும் கேக்கல, யாரும் கேக்கல என்று கூடம் அதிர்ந்தது. ஒருவன் டேரிலின் தோளில் ஏறினான், அவன்மேல் இன்னொருவன். டைஸ் மேடையிலிருந்து அவர்கள் எல்லோர்மேலும் குதித்தான். ரோமி இமானியைப் பார்த்தாள், இமானி டெஸ்ஸைப் பார்த்தாள், அந்தப் பல்லவியை இன்னும் மூன்று முறை வாசித்தார்கள்.

பாட்டு முடிந்து ஆட்களை உரித்து எடுத்தபோது அடியில் டேரில் கிடைத்தார். தொப்பியைக் காணவில்லை, கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. 'ஆய்வாளர்' என்ற எழுத்தின்மேல் பதினேழு ஷூ அச்சு. முகத்தில் மட்டும், அப்போதுதான் ஞானஸ்நானம் வாங்கியவனுடைய களை.

அடுத்த பேண்ட் சாமான்களை ஏற்றுவதற்குள் சட்டைகளும் பாட்டு வரிகளும் விற்பனைக்கு வைத்திருந்த 'ஈரச் சாக்ஸ்' மேசையில் கூட்டம் மொய்த்தது. ஒரு பெண் ரோமியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டு தன் மாமாவைப் பற்றித்தானே, உனக்கு எப்படி அவரைத் தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டைஸ் அலன்டவுனில் அடுத்த ஞாயிறு ஒரு ஷோ இருக்கிறது, வருகிறீர்களா என்றான். டேரில் பத்தடி தள்ளி, தொப்பியைத் தேடுகிற பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வெண்டல் வந்தான். முப்பத்தைந்து வயது, நீண்ட தாடி, தோளில் பழைய இசைத்தட்டுகள் நிறைந்த பை. பழைய பேண்டுகளின் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவன். டேரிலின் முன்னால் வந்து, கோயில் வாசலில் நிற்பதுபோல நின்றான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் குரல நான் ஆயிரம் தடவ கேட்டிருக்கேன். 'மூடாத வாய்' டேரில் சவிட்ஸ்கி நீங்கதானே?"

சுற்றியிருந்த நாலைந்து பிள்ளைகள் திரும்பினார்கள். மேசைக்குப் பின்னால் ரோமி கையில் மடித்துக்கொண்டிருந்த சட்டை பாதியில் நின்றது.

"தொண்ணூத்தஞ்சு ஷோ பத்திச் சொல்லுங்க சார்" என்றான் வெண்டல். "அன்னிக்கு என்னதான் சார் நடந்துச்சு?"

முப்பது வருடம். பல் மருத்துவரிடமும் தபால்காரரிடமும் கட்டாயப்படுத்திச் சொன்ன கதையை, முதல்முறையாக ஒரு மனிதன், தானாக, கைகட்டி நின்று கேட்கிறான். கதை டேரிலின் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, பல்லுக்குப் பின்னால் வந்து நின்று கதவைத் தட்டியது. அவர் வாயைத் திறந்தார். ரோமி அவரைப் பார்க்காமல் கையிலிருந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் புல் இன்ஸ்பெக்டர் தம்பி" என்றார் டேரில். "நீங்க சொல்றது யாருன்னே எனக்குத் தெரியாது."

வெண்டல் அவரை மேலும் கீழும் பார்த்தான். "அதானே. டேரில் இன்னும் உசரமா இருப்பாரு." ஏமாற்றத்தோடு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "என்ன, அந்த ஷோவுக்கே ஐம்பது பேர்தான் வந்திருந்தாங்களாம். சும்மா ஊதிவிட்டிருக்காங்க."

டேரில் நாக்கைக் கடித்துக்கொண்டார். உண்மையாகவே கடித்தார்; ரத்தம் உப்புக் கரித்தது. "இருக்கும்" என்றார்.

டைஸ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, சார், அப்ப எங்கமேல ஏதும் நடவடிக்கை உண்டா என்று கேட்டான். பின்புறம் புல் ஒன்பது அங்குலம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்குள் வெட்டிவிடு என்றார் டேரில்.

மேடையோரம் 'ஈரச் சாக்ஸ்' சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் பெட்டி ஒரு கன்றுக்குட்டி கனம். ரோமி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"சார், உங்களத்தான். இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

டேரில் போய்ப் பிடித்தார். அவள் பின்னோக்கி நடக்க, அவர் முன்னோக்கி நடக்க, பெட்டி இரண்டு பேருக்கும் நடுவில் பின்கதவைத் தாண்டியது. வெளியே மதிய வெயில் இன்னும் இருந்தது. நகராட்சி வேலைக்காரர் ஒருவர் யாரோ ஒரு பெண்ணுக்கு உதவுகிறார் என்பதற்குமேல் பார்ப்பவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

"படி இருக்கு சார், பாத்து" என்றாள்.

"ம்."

"சுவத்த விட்டு நகர மாட்டேன்னு ஒருத்தர் சத்தியம் பண்ணாரு."

"ஆமா. என்ன ஆளோ."

வண்டியின் பின்கதவில் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். ரோமி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். கூடத்துக் கதவருகே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் ஜாக்கெட்டிலிருந்த ஷூ அச்சு ஒன்றைத் தட்டிவிட்டாள். அது போகவில்லை.

"அடுத்த ஞாயிறு அலன்டவுன். அங்கயும் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து நின்னா நல்லாருக்கும்னு இமானி சொல்றா."

"அலன்டவுன் என் எல்லைக்கு வெளிய."

"அது அங்க யாருக்குத் தெரியப்போவுது?"

டேரில் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டு, ஆய்வாளருக்குரிய முகத்தோடு சொன்னார்: "மனு எழுதிக் குடுங்க. பரிசீலிக்கிறோம்."